இருதுருவ மனநலக் கோளாறு: உளவியல் சிகிச்சையும் சுய பராமரிப்பும்

இருதுருவ மனநலக் கோளாறு, நீரிழிவையும் உயர் இரத்த அழுத்தத்தையும் போல நீண்ட காலம் கவனித்துப் பேண வேண்டிய நோயாகும். மருந்தே இதன் சிகிச்சைக்கு அடித்தளம். எனினும், மருத்துவரைச் சந்திப்பது மாதத்தில் ஒரு நாள். ஏனைய நாள்களில் நோயின் போக்கைக் கவனிப்பவர்கள் நோயாளியும் அவருடைய குடும்பத்தினருமே. அந்த நாள்களில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மருத்துவரை அணுக வேண்டும், எந்த உளவியல் சிகிச்சை எவ்வாறு உதவும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. இதில் கூறப்படும் பெரும்பாலான ஏற்பாடுகள், நோயாளி நலமாக இருக்கும் காலத்தில் செய்து முடிக்க வேண்டியவை. நோய் தீவிரமடைந்தபின் அவற்றைத் தொடங்குவது கடினம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக

இக்கோளாறில் மனநிலை இரு எதிர்த் துருவங்களுக்கு இடையே மாறுகிறது. ஒரு துருவம், மேனியா எனப்படும் மிகையெழுச்சி. இக்கட்டத்தில் தூக்கத்தின் தேவை குறையும். பேச்சும் எண்ண ஓட்டமும் விரைவுபடும். அளவற்ற தன்னம்பிக்கை, எரிச்சல், கட்டுப்பாடற்ற செலவு ஆகியன தோன்றும். இதே மாற்றங்கள் மிதமான அளவில், அன்றாட வேலைகளைப் பெரிதும் பாதிக்காமல் இருந்தால் அதனை ஹைப்போமேனியா என்பர். மறு துருவம் மனச்சோர்வு. இதில் ஆர்வமின்மை, களைப்பு, குற்றவுணர்வு, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், வாழ விருப்பமின்மை ஆகியன வாரக்கணக்கில் நீடிக்கும். இரு கட்டங்களுக்கும் இடையில் பலர் முற்றிலும் இயல்பாக இருப்பர்.

2015–16ஆம் ஆண்டுகளில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. அதன்படி, வாழ்நாளில் ஒருமுறையேனும் இக்கோளாறுக்கு ஆளாகுபவர்கள் ஏறத்தாழ 0.5 விழுக்காட்டினர், அதாவது 200 பேரில் ஒருவர். இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் உரிய சிகிச்சை பெறவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

நோய் கண்டறியப்படத் தாமதமாவதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. மனச்சோர்வு வரும்போது நோயாளியே உதவி தேடுகிறார். எழுச்சிக் கட்டத்தில் தமக்கு நோய் இருப்பதாக அவர் உணர்வதில்லை. சோர்ந்து கிடந்தவர் அதிகாலையில் எழுந்து, புதுத் தொழில் பற்றி ஊக்கத்துடன் பேசினால் குடும்பத்தினரும் குணமாகிவிட்டதாக மகிழ்வர். எனவே மனச்சோர்வுக்காக மருத்துவரிடம் செல்லும்போது, இதற்கு முன் எப்போதேனும் வழக்கத்துக்கு மாறான சுறுசுறுப்பும் தூக்கக் குறைவும் இருந்தனவா என்பதைத் தவறாமல் தெரிவிக்க வேண்டும். மனச்சோர்வு நீக்கி மருந்தை மட்டும் தனியே கொடுத்தால், இக்கோளாறு உள்ள சிலருக்கு அது எழுச்சிக் கட்டத்தைத் தூண்டக்கூடும்.

மருந்து மட்டும் போதாதா?

லித்தியம், வால்ப்ரோயேட், சில வகை மனநோய் எதிர்ப்பு மருந்துகள் ஆகியவை மனநிலையைச் சமன்படுத்துகின்றன. நோய் மீண்டும் வருவதைக் குறைக்கின்றன. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949ஆம் ஆண்டு லித்தியத்தின் பயனை வெளியிட்டார். இன்றும் அது முதன்மையான மருந்துகளுள் ஒன்று. தற்கொலை அபாயத்தைக் குறைப்பதிலும் அதற்குத் தனியிடம் உண்டு.

ஆயினும், மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. தூக்கக் கேடு, குடும்பப் பூசல், பெரிய இழப்பு, போதைப் பொருள், மருந்தைத் தாமாக நிறுத்துதல் ஆகியவை அதற்கு வழிவகுக்கின்றன. இவற்றுள் பலவற்றை மாத்திரையால் சரிசெய்ய இயலாது. உளவியல் சிகிச்சை இந்த இடைவெளியை நிரப்புகிறது. அது மருந்துடன் இணைந்து அளிக்கப்படும் சிகிச்சை, மருந்துக்கு மாற்றாகாது. கடுமையான மிகையெழுச்சி உள்ளபோது முதலில் மருந்தால் அமைதி ஏற்பட வேண்டும்; அதன் பின்னரே உளவியல் சிகிச்சை பயன் தரும். மனச்சோர்வுக் கட்டத்தில் அதனை உடனடியாகத் தொடங்கலாம்.

அமெரிக்காவில் இருதுருவ மனச்சோர்வு உள்ள 293 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. அனைவரும் மருந்து பெற்றனர். ஒரு பிரிவினருக்கு ஒன்பது மாதங்களில் 30 அமர்வுகள் வரை தீவிர உளவியல் சிகிச்சையும், மற்றொரு பிரிவினருக்கு மூன்று அமர்வுகள் கொண்ட சுருக்கமான நோய் விளக்கமும் அளிக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் முதற்பிரிவில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினரும் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர்.

உளவியல் சிகிச்சை முறைகள்

*1. நோய் பற்றிய கல்வி*

நோயின் தன்மை, மருந்து தேவைப்படும் காரணம், முன்னறிகுறிகள், போதைப் பொருள்களின் தீங்கு, ஒழுங்கான அன்றாட வாழ்வு ஆகியவற்றைத் தனியாகவோ குழுவாகவோ கற்பிப்பது இம்முறை. ஸ்பெயினின் பார்சிலோனா நகரில் கொலோம், வியேட்டா ஆகியோர் தலைமையிலான குழு நடத்திய ஆய்வு 2003இல் வெளியானது. நலமாக இருந்த 120 நோயாளிகளில் ஒரு பாதியினர் 21 வாரக் குழுக் கல்வி பெற்றனர். மறு பாதியினர் வழிகாட்டுதலற்ற குழுச் சந்திப்புகளில் மட்டும் கலந்துகொண்டனர். இரு தரப்பினருக்கும் மருந்து தொடர்ந்தது. இரண்டு ஆண்டுகளில் கல்வி பெறாதோரில் 92 விழுக்காட்டினருக்கும் பெற்றோரில் 67 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. நோய் அடியோடு நிற்கவில்லை. எனினும் இக்குறைவு குறிப்பிடத்தக்கது.

*2. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை*

எண்ணம், உணர்வு, செயல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு இழுத்துச் செல்கின்றன என்பதை உளவியலாளருடன் சேர்ந்து ஆராய்வது இம்முறை. 'நான் யாருக்கும் பயனற்றவன்' என்ற எண்ணம் வந்தவுடன் படுக்கையிலேயே கிடப்பதும், அதனால் அந்த எண்ணம் வலுப்பெறுவதும் மனச்சோர்வின் சுழற்சி. 'எனக்குத் தூக்கமே தேவையில்லை' என்ற எண்ணமும் அதையொட்டி இரவு முழுவதும் வேலை செய்வதும் எழுச்சியின் சுழற்சி. இச்சுழற்சிகளை முளையிலேயே கண்டு நிறுத்த இச்சிகிச்சை பயிற்றுவிக்கிறது. 2006இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், 12க்கும் குறைவான முறை நோய் தாக்கியவர்களுக்கே இது பலன் தருவதாகத் தெரிந்தது. நோயின் தொடக்க ஆண்டுகளிலேயே உளவியல் சிகிச்சையை நாட வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது.

*3. குடும்பம் சார்ந்த சிகிச்சை*

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மிக்லோவிட்ஸ் உருவாக்கிய இம்முறையில் நோயாளியும் வீட்டாரும் ஒன்றாக அமர்ந்து பயிற்சி பெறுவர். முழு வடிவில் ஒன்பது மாதங்களில் 21 அமர்வுகள் நடைபெறும். நோய் பற்றிய விளக்கம், பேச்சுப் பயிற்சி, சிக்கல்களைத் தீர்க்கும் பயிற்சி ஆகிய மூன்றும் இதன் பகுதிகள். இடைவிடாத குறை கூறலும் அளவு மீறிய கண்காணிப்பும் உள்ள வீடுகளில் நோய் அடிக்கடி திரும்புவது கண்டறியப்பட்டதால், பேச்சு முறையை மாற்றுவது இதில் முதன்மை பெறுகிறது.

*4. உறவு மற்றும் அன்றாட ஒழுங்குச் சிகிச்சை*

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் வகுத்த முறை இது. உடலின் உட்கடிகாரம் குலைந்தால் மனநிலையும் குலையும் என்பது இதன் அடிப்படை. விழிக்கும் நேரம், முதன்முதலில் பிறருடன் பேசும் நேரம், வேலை தொடங்கும் நேரம், இரவு உணவு நேரம், படுக்கும் நேரம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து, மெல்ல ஒழுங்குக்குக் கொண்டுவருவர். உறவுச் சிக்கல்களையும் இழப்புகளையும் பற்றிய உரையாடல் இதன் மறு பகுதியாகும்.

இந்நான்கிலும் எதனைத் தேர்ந்தெடுப்பது என்பதை மருத்துவக் குழுவுடன் பேசி முடிவு செய்யலாம். முழுமையான பயிற்சி கிடைக்காத இடங்களிலும் நான்குக்கும் பொதுவான சில கூறுகளை வீட்டிலேயே கடைப்பிடிக்க இயலும். அவை கீழே தரப்பட்டுள்ளன.

முன்னறிகுறிகளை அறிதல்

பெரும்பாலோருக்கு நோய் ஒரே நாளில் வருவதில்லை. சில நாள்களோ சில வாரங்களோ முன்னதாகவே சிறு மாற்றங்கள் தென்படும். அவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் ஒருவருக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் அதே மாற்றங்களே திரும்ப வரும். எனவே இம்மாற்றங்களை முன்கூட்டியே கண்டறியப் பழகலாம்.

இங்கிலாந்தில் 69 நோயாளிகளிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்தது. ஒரு பிரிவினருக்குத் தம் முன்னறிகுறிகளைக் கண்டறியவும் உடனே சிகிச்சை நாடவும் 7 முதல் 12 அமர்வுகளில் பயிற்சி தரப்பட்டது. பயிற்சி பெறாதவர்களில் கால் பங்கினருக்கு 17 வாரங்களுக்குள் மிகையெழுச்சி திரும்பியது. பயிற்சி பெற்றவர்களில் கால் பங்கினருக்கு அது திரும்ப 65 வாரங்கள் ஆயின. மனச்சோர்வு திரும்புவதில் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. மனச்சோர்வு மெல்லப் படர்வதால் அதன் தொடக்கத்தைப் பிரித்தறிவது கடினம். அதற்கு அன்றாடக் குறிப்பும் ஒழுங்கும் கூடுதலாகத் தேவைப்படுகின்றன.

உங்கள் பட்டியலை உருவாக்க, கடந்த முறை நோய் வந்ததற்கு முந்தைய மூன்று வாரங்களை வீட்டாருடன் அமர்ந்து நினைவுகூருங்கள். தூக்கம், பேச்சு, செலவு, கைப்பேசிப் பயன்பாடு, உடை, உணவு, வழிபாடு, வேலை என ஒவ்வொன்றிலும் என்ன மாறியது என எழுதுங்கள். 'மனநிலை மாறியது' என்று பொதுவாக எழுதுவதால் பயனில்லை. பிறர் கண்ணால் காணக்கூடிய செயலாக எழுத வேண்டும்.

எழுச்சிக்கு முன்:

- மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பின்மை
- பேசிப் பல ஆண்டுகளான உறவினர்களைத் தொடர்ந்து கைப்பேசியில் அழைத்தல்
- நள்ளிரவில் நீண்ட செய்திகளும் குரல் பதிவுகளும் அனுப்புதல்
- நகையை அடகு வைப்பது, வட்டிக்குக் கடன் வாங்குவது பற்றிய பேச்சு
- சிறு தடைக்கும் உரத்த வாக்குவாதம்

மனச்சோர்வுக்கு முன்:

- குளிப்பதையும் தலைவாருவதையும் தள்ளிப்போடுதல்
- அழைப்புகளை ஏற்காதிருத்தல்
- விருப்பமான உணவிலும் நாட்டமின்மை
- பகலில் நெடுநேரம் படுத்திருத்தல்
- முடிவெடுக்க இயலாமல் சிறு வேலைகளும் தேங்குதல்

பட்டியலிலிருந்து மிக உறுதியான மூன்று அறிகுறிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். நீண்ட பட்டியல் அச்சத்தை வளர்க்கும். மூன்று அறிகுறிகளை எவராலும் நினைவில் வைக்க இயலும்.

தூக்கமும் அன்றாட ஒழுங்கும்

தூக்கக் குறைவு எழுச்சியின் அறிகுறியாக வருகிறது. சில வேளைகளில் எழுச்சிக்குத் தூண்டுதலாகவும் அமைகிறது. எனவே சுய பராமரிப்பில் தூக்கமே முதலிடம் பெற வேண்டும்.

- விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுங்கள். படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை ஒழுங்குபடுத்துவது எளிது.
- காலையில் வெளிச்சத்தில் சற்று நடங்கள். இரவில் விளக்கொளியைக் குறைத்து, கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள்.
- நண்பகலுக்குப் பின் காப்பி, தேநீர் அருந்துவதைத் தவிருங்கள்.
- இரவுப் பணியும் வாரந்தோறும் மாறும் பணி நேரமும் இந்நோய்க்கு உகந்தவை அல்ல. பணி நேர மாற்றத்துக்கு மருத்துவச் சான்று தேவையெனில் மருத்துவரிடம் கேளுங்கள்.
- திருமண வீடு, கோயில் கொடை, பாதயாத்திரை, இரவுப் பேருந்துப் பயணம், போட்டித் தேர்வுக்கான இரவுப் படிப்பு ஆகியன தூக்கத்தைக் கெடுக்கும் வழக்கமான சூழல்கள். முழுவதுமாக விலக வேண்டியதில்லை. இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.
- தொடர்ந்து இரண்டு இரவுகள் வழக்கத்தைவிட மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பு தோன்றவில்லையெனில், மூன்றாம் இரவுக்குக் காத்திராமல் மருத்துவரைத் தொடர்புகொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இந்நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மனநல மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும் பேச வேண்டும். இரவில் தாய் தொடர்ந்து சில மணி நேரம் தூங்கும்படி, குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பை வீட்டார் பகிர்ந்துகொள்ள வேண்டும். வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கு அது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. ஏற்கெனவே உட்கொண்டு வந்தால் தாமாக நிறுத்தாமல் உடனடியாக மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மனநிலைக் குறிப்பேடு

ஒரு நாளுக்கு ஒரு வரி போதும். தூங்கிய மணி நேரம், மனநிலை மதிப்பெண், மருந்து உட்கொண்ட விவரம், அன்று நிகழ்ந்த முக்கிய நிகழ்வு ஆகிய நான்கையும் குறியுங்கள். மனநிலைக்கு, கடுமையான சோர்வு –5 எனவும் இயல்பு நிலை 0 எனவும் கடுமையான எழுச்சி +5 எனவும் மதிப்பெண் இடலாம். பெண்கள் மாதவிடாய் நாள்களையும் குறிக்கலாம். நாள்காட்டித் தாளின் ஓரமே இதற்குப் போதுமானது. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது இதனை எடுத்துச் செல்லுங்கள்; 'எப்படி இருந்தீர்கள்?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

பணமும் பெரிய முடிவுகளும்

எழுச்சிக் கட்டம் தணிந்த பின் பல குடும்பங்களைத் துன்புறுத்துவது, அந்நாள்களில் ஏற்பட்ட கடனே. நலமாக உள்ளபோது பின்வரும் ஏற்பாடுகளை ஒப்புதலுடன் செய்துகொள்ளலாம்.

- *இரு இரவு, இரு நபர் விதி:* பெரிய செலவு, வேலையை விடுதல், தொழில் தொடங்குதல், திருமண முடிவு எதுவாயினும், இரண்டு இரவுகள் நன்கு தூங்கிய பின்னும், நம்பிக்கைக்குரிய இருவரிடம் பேசிய பின்னும் மட்டுமே செயற்படுத்துதல்.
- கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றத்துக்குக் குறைந்த வரம்பு வைத்தல். கடன் செயலிகளை நீக்குதல்.
- முன்னறிகுறி தெரிந்தால் வங்கி அட்டைகளையும் வாகனச் சாவியையும் யாரிடம் ஒப்படைப்பது என்று முன்பே எழுதி வைத்தல்.

மருந்தைப் பாதுகாப்பாக உட்கொள்ளுதல்

லித்தியம் உட்கொள்பவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். இரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் பயனில்லை; மிகுந்தால் நஞ்சாகும். தொடர் சிகிச்சையில் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பேணப்படுகிறது. சிலருக்கு இது சற்று மாறுபடும். கடைசி வேளை மருந்துக்கு 12 மணி நேரம் கழித்தே இதற்கான இரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு, கால்சியம் பரிசோதனைகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்துகொள்ளுங்கள்.

- கோடையில் வெயிலில் உழைக்கும்போது போதிய நீர் அருந்துங்கள். உணவில் உப்பைத் திடீரெனக் குறைக்காதீர்கள். உப்புக் குறைந்தால் உடலில் லித்தியம் தேங்கும்.
- நோன்பு, விரதம் இருக்க விரும்பினால் முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள்.
- ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கி உட்கொள்ளாதீர்கள். அவை லித்தியத்தின் அளவை உயர்த்தும். இரத்த அழுத்த மருந்துகளில் சிலவும் அவ்வாறே.
- வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுதியான கைநடுக்கம், தள்ளாட்டம், நாக்குழறல், குழப்பம் ஆகியன தோன்றினால் அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மதுவும் கஞ்சாவும் இந்நோயின் போக்கை மோசமாக்குகின்றன. ஸ்டீராய்டு மருந்துகள் சிலருக்கு எழுச்சியைத் தூண்டக்கூடும். வேறு நோய்க்காக மருத்துவரைச் சந்திக்கும்போது உங்கள் மனநல மருந்துகளின் சீட்டையும் காட்டுங்கள்.

எழுதி வைக்க வேண்டிய செயல் திட்டம்

கீழ்க்காணும் மூன்று நிலைகளுக்கும் ஒரே தாளில் திட்டம் எழுதி, நோயாளி, குடும்பத்தினர் ஒருவர், மருத்துவர் ஆகிய மூவரிடமும் ஒரு படி இருக்கச் செய்யுங்கள்.

*நலமான நிலை:* மருந்து, தூக்கம், குறிப்பேடு, அடுத்த சந்திப்பு நாள்.

*எச்சரிக்கை நிலை:* தேர்ந்தெடுத்த மூன்று அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் செய்ய வேண்டியவை. எழுச்சியின் அறிகுறியெனில் வெளி வேலைகளைக் குறைத்தல், இரவு விளக்குகளை அணைத்துப் படுத்தல், பண ஏற்பாட்டை நடைமுறைப்படுத்துதல். சோர்வின் அறிகுறியெனில் அதற்கு எதிர்த்திசையில், நாளுக்கு ஒரு சிறு வேலையும் ஒரு சிறு நடையும் என உடலை இயங்கச் செய்தல். இரண்டிலும் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைத் தொடர்புகொள்ளுதல்.

*அவசர நிலை:* செல்ல வேண்டிய மருத்துவமனை, உடன் செல்பவர், வாகனம், குழந்தைகளைக் கவனிப்பவர், பணியிடத்துக்குத் தகவல் சொல்பவர் ஆகிய விவரங்கள்.

எடுத்துக்காட்டாக, மளிகைக் கடை நடத்தும் ஒருவரின் மூன்று அறிகுறிகள்: அதிகாலை மூன்று மணிக்கே கடையைத் திறப்பது, வழக்கத்தைவிட இரு மடங்கு சரக்குக் கேட்பது, மொத்த வியாபாரியுடன் சண்டையிடுவது. இவற்றில் ஒன்றைக் கண்டால் சரக்குக் கொள்முதலை ஒரு வாரத்துக்குத் தம்பி பார்த்துக்கொள்வார் என அவரே எழுதிக் கையொப்பமிடலாம். நோய்க்காலத்தில் 'என் உரிமையைப் பறிக்கிறார்கள்' என்ற எண்ணம் எழும்போது, அவருடைய கையெழுத்தே அவரிடம் பேசும்.

குடும்பத்தினருக்கு

முதலாவதாக, எழுச்சியில் உள்ளவருடன் வாதிட்டு வெல்ல முயல வேண்டாம். குரலைத் தாழ்த்தி, சுருக்கமாகப் பேசி, வீட்டில் ஒலியையும் கூட்டத்தையும் குறையுங்கள். அவர் கூறிய கடுஞ்சொற்களின் கணக்கை நலமடைந்த பின் தீர்க்க முற்படாதீர்கள்.

இரண்டாவதாக, மனச்சோர்வைச் சோம்பல் எனப் பழிக்காதீர்கள். 'எழுந்து வேலையைப் பார்' என்பதைக் காட்டிலும், 'வாசல் வரை என்னுடன் நட' என்பது பயன் தரும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு சிரிப்பையும் ஒவ்வொரு கோபத்தையும் நோயாகக் காணாதீர்கள். நியாயமான கோபத்துக்கும் 'மாத்திரை போட்டாயா?' என்பதே விடையாக வந்தால், நோயாளி தம் உணர்வுகளை மறைக்கத் தொடங்குவார். அதன் பின் உண்மையான முன்னறிகுறியும் மறைந்துபோகும். எழுதி வைத்த மூன்று அறிகுறிகளைப் பற்றி மட்டுமே கேட்பது என ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கேட்கும்போது கண்டதைச் சொல்லுங்கள்: 'இரண்டு நாளாக நீ மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறாய், எனக்குக் கவலையாக இருக்கிறது, நாளை மருத்துவரிடம் சேர்ந்து போகலாம்.'

நான்காவதாக, உங்களையும் பேணிக்கொள்ளுங்கள். பராமரிப்புப் பொறுப்பு ஒருவர் மீதே விழாமல் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தூக்கமும் உடல்நலமும் சிகிச்சையின் பகுதியே.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி 18 வயது நிறைந்த எவரும், எதிர்காலத்தில் தமக்கு மனநோய் ஏற்பட்டு முடிவெடுக்கும் திறன் குறைந்தால் எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டிய அறிவுறுத்தலாக எழுதி வைக்கலாம். தம் சார்பில் முடிவெடுக்கத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதி ஒருவரையும் நியமிக்கலாம். சிகிச்சைத் தகவல்கள் இரகசியமாகக் காக்கப்படுவதும் நோயாளியின் உரிமை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இடம்பெற்றுள்ளது. பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ என மருத்துவச் சான்று பெற்றவர்கள் அச்சட்டத்தின் கீழ் உள்ள சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*ஓராண்டாக நலமாக இருக்கிறேன். மருந்தை நிறுத்தலாமா?*
நலமாக இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளமாக இருக்கலாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்துவது நோய் விரைவில் திரும்ப வழிவகுக்கும். பக்க விளைவுகள் தொல்லை தந்தால் அளவையோ மருந்தையோ மாற்ற இயலும். அதனை மருத்துவருடன் பேசியே செய்ய வேண்டும்.

*எழுச்சி நாள்களில் நன்றாக வேலை செய்கிறேன். அதை ஏன் தடுக்க வேண்டும்?*
தொடக்க நாள்களின் ஊக்கம் உண்மையே. அதனை இழக்கப் பலர் தயங்குவதும் இயல்பே. ஆனால் அது அந்த அளவிலேயே நிற்பதில்லை. பலருக்கு அதைத் தொடர்ந்து நீண்ட மனச்சோர்வு வருகிறது. கடந்த முறை அந்த ஊக்கத்தின் முடிவில் என்ன நேர்ந்தது என்பதைக் குறிப்பேட்டில் பாருங்கள்.

*யோகா, தியானம் செய்யலாமா?*
மிதமான பயிற்சிகள் பதற்றத்தைக் குறைக்கும். மருந்துக்கு மாற்றாக அவற்றைக் கொள்ளக் கூடாது. உணவையும் தூக்கத்தையும் குறைக்கும் தீவிர முகாம்களைத் தவிருங்கள்.

*கோயிலுக்கோ தர்காவுக்கோ அழைத்துச் செல்லலாமா?*
வழிபாடு மனவலிமை தரும். மருந்தும் தூக்கமும் தடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியைக் கட்டிவைப்பதும் சங்கிலியிடுவதும் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்ப இயலவில்லை.

*திருமணம், வேலை, படிப்பு இயலுமா?*
இயலும். சிகிச்சையைத் தொடர்ந்து பெறும் பலர் இவற்றைச் சிறப்பாக நிறைவேற்றுகின்றனர். திருமணத்துக்கு முன் நோய் பற்றித் துணைவரிடம் வெளிப்படையாகப் பேசுவது, பின்னாளில் மருந்தை மறைத்து உண்ணும் நிலையையும் அதனால் நோய் திரும்புவதையும் தவிர்க்கும்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

- சாவைப் பற்றிப் பேசுதல், விடைபெறுவது போன்ற செய்திகள் அனுப்புதல், தற்கொலைக்கான வழி தேடுதல்
- பல நாள்களாகத் தூக்கமின்மை, உணவையும் நீரையும் மறுத்தல்
- இல்லாத குரல் கேட்பதாகவோ பிறர் தீங்கு செய்வதாகவோ உறுதியாக நம்புதல்
- தமக்கோ பிறருக்கோ ஊறு விளைவிக்கும் நடத்தை
- லித்தியம் மிகுதியானதற்கான, மேலே கூறிய அறிகுறிகள்

இந்நோய் உள்ளவர்களிடையே தற்கொலை அபாயம் பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம். 'சாக வேண்டும் எனத் தோன்றுகிறதா?' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகாது. சுமையை இறக்கிவைக்க அது வழி தரும். அத்தகைய நாள்களில் அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிக்கொல்லிகளையும் மாத்திரைகளின் மொத்த இருப்பையும் வீட்டிலிருந்து அகற்றி, மருந்தை வேளைக்கு வேளை குடும்பத்தினர் ஒருவர் கொடுங்கள்.

எங்கு அணுகுவது?

- டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம்.
- அவசர ஊர்தி: 108. மருத்துவ ஆலோசனை: 104.
- அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகள். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் நடைபெறும் முகாம்கள்.
- சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது மருந்துச் சீட்டு, குறிப்பேடு, செயல் திட்டத் தாள் ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இவை இன்னும் எழுதப்படவில்லையெனில், நோயாளி நலமாக உள்ள ஒரு மாலைப் பொழுதில் வீட்டார் அனைவரும் சேர்ந்து அமர்ந்து முதலில் மூன்று முன்னறிகுறிகளை எழுதித் தொடங்குங்கள்.

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொது விழிப்புணர்வுக்கானவை. தனிப்பட்ட சிகிச்சைக்கு மனநல மருத்துவரின் அறிவுரையே முடிவானது.